ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும்: ஒரே வினைக்கு எதுக்கு மூணு முகம்?

கேள்வி (3 ஜூன், இரவு 9.40)

லத்தீன் சொந்தமா படிச்சிட்டிருக்கேன், அமோ அமாஸ் எல்லாம் தாண்டியாச்சு. இப்ப ஃபெரோன்னு ஒரு வினை வந்து நிக்குது. நிகழ்காலம் ஃபெரோ, இறந்தகாலம் துலீ, அப்புறம் லாத்தும். மூணுக்கும் சம்பந்தமே இல்ல. அர்த்தம் பாத்தா தூக்கு, கொண்டு வா, கொண்டு போ, பொறுத்துக்க, சொல்லு, ஓட்டுப் போடு, சட்டம் முன்வை, வழி அங்க போகுதுன்னு அகராதில பக்கம் பக்கமா ஓடுது. என்னைக் கேட்டா இதுக்கு தனியா ஒரு அர்த்தமே கிடையாது, வேற வினை கிடைக்காத இடத்துலல்லாம் ரோமாக்காரங்க இதைப் போட்டு ஒப்பேத்திருக்காங்க. மனப்பாடத்தைத் தவிர வேற வழி இருந்தா யாராவது சொல்லுங்க.

3 ஜூன், இரவு 11.20

தம்பி, அர்த்தம் கிடையாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. லத்தீன்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச வினை இதுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கணும் (இந்தப் பொறுத்துக்கிறதும் ஃபெரோதான், அதுக்கு அப்புறம் வர்றேன்).

முதல்ல அந்த மூணு முகம். ஃபெரோ ஒரு வேர், துலீயும் லாத்தும்மும் இன்னொரு வேர். லாத்தும் பழைய காலத்துல த்லாத்தும்னு இருந்திருக்கு, முன்னாடி இருந்த த் தேஞ்சு போச்சு. அதைத் திரும்ப வச்சுப் பாருங்க, துல், த்லா, சொந்தக்காரங்கன்னு கண்ணுக்கே தெரியும். ஆக மூணு இல்ல, ரெண்டே வேர்தான். இங்கிலீஷ்ல கோ, வெண்ட் இருக்கில்ல, அதே கதை.

ரெண்டு வேர்ல ஒண்ணு சுமந்துட்டே போறது, நடந்துட்டே இருக்கிற வேலை. இன்னொண்ணு தூக்குறது, ஒரே வீச்சுல முடியுற வேலை. சுமந்துட்டே போறதுக்கு முடிஞ்சுபோன வடிவம் சரியா அமையல, தூக்கினேன்னு சொல்றதுக்கு அது இயல்பா அமைஞ்சுது. ரெண்டும் ஒண்ணா சேந்து ஒரே வினையா வாழ ஆரம்பிச்சிருச்சு. இப்படிப் பாத்தா ஒழுங்கில்லாத வினைன்னு சொல்லவே எனக்கு மனசு வரல.

4 ஜூன், காலை 6.50

ஒண்ணு விட்டுப்போச்சு, இதைச் சொல்லாம ஆபீஸ் கிளம்ப மனசில்ல. இந்த ரெண்டு வேரும் சமஸ்கிருதம் வழியா நம்ம வாய்க்கும் வந்திருக்கு. ஃபெரோவோட சமஸ்கிருத உறவு பரதி, சுமக்கிறான்னு அர்த்தம், அதே வேர்ல இருந்து பாரம். நாம தினம் சொல்ற அதே பாரம்தான், மனசு பாரமா இருக்குங்கிறோமே. துலீயோட உறவு துலா, அதாவது தராசு, நம்ம துலாம் ராசி. தூக்கிப் பிடிச்சு எடை பாக்குறது. இங்கிலீஷ்ல சுமக்கிறதுக்குச் சொல்ற bear, கிரேக்கத்துல ஃபேரோ, எல்லாம் ஒரே குடும்பம். லத்தீன் ஃபிராத்தர், இங்கிலீஷ் பிரதர், சமஸ்கிருத பிராதா மூணையும் வரிசையா வைங்க, ஃபவுக்கு எதிரே ப வர்றது தெரியும்.

துல் வேர் கிரேக்கத்துல தலந்தோன்னு ஒரு எடைக்குப் பேராச்சு. பைபிள்ல எஜமான் ஊழியக்காரங்க கையில அஞ்சு தாலந்து ரெண்டு தாலந்துன்னு குடுத்துட்டுப் போவாரே, அந்தத் தாலந்து அதுதான். பாரமும் தாலந்தும் ஏற்கெனவே தெரிஞ்ச ஆளுக்கு ஃபெரோ துலீ அந்நியமே இல்ல.

4 ஜூன், இரவு 10.05

வடிவம் பத்தி கேட்டிருந்தீங்க. நிகழ்காலம்: ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்த்திஸ், ஃபெருன்த். நடுவுல மூணு இடத்துல உயிர் எழுத்து இல்லாம விகுதி நேரா ஒட்டுது பாருங்க. மத்த மூணும் சாதாரண மூணாம் வகை வினை மாதிரியேதான். ஃபெர்ரேயும் (சுமக்கங்கிற வடிவம்) அப்படி வந்ததுதான், ஃபெர் கூட ஸே சேந்து ஸ் போய் ர் ஆகிருச்சு. எஸ்ஸேல (இருக்க) அந்த ஸே அப்படியே இருக்கு, வெல்லேல (விரும்ப) ல் ஆகியிருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா ஃபெர்ரெம், ஃபெர்ரேஸ் எல்லாம் தானா வந்துரும், ஃபெர்ரே கூட விகுதியை ஒட்டினா முடிஞ்சுது. ஏவல் வெறும் ஃபெர். தீக், தூக், ஃபக், ஃபெர்னு நாலையும் சேத்து வாய்ப்பாடு மாதிரி சொல்லுவாங்க, சொல்லு, நடத்து, செய், கொண்டா.

ஒரு இடம் மட்டும் கவனம். ஃபெர்ரீன்னா சுமக்கப்படுறது, ஆனா இரும்போடன்னும் அர்த்தம் வரும், ஏன்னா இரும்பு ஃபெர்ரும். ஃபெராம்ங்கிறது எதிர்காலம், அதே எழுத்துல சப்ஜங்டிவும் (நடக்கட்டும், நடக்கலாம்னு சொல்ற வடிவம்) இருக்கு, காட்டு மிருகத்தைங்கிற அர்த்தமும் இருக்கு. லாத்துஸ் இன்னும் மோசம், சுமக்கப்பட்டது ஒண்ணு, அகலமானது ஒண்ணு, முதல் உயிரைக் குறுக்கினா விலாப்பக்கம். வாக்கியம் முழுசா படிக்காம ஒத்தச் சொல்லா பாத்தா தலை சுத்தத்தான் செய்யும்.

5 ஜூன், மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். ஃபெராம்னதும் ஞாபகம் வந்தது ரோமோட பேர்போன பேச்சாளர் சிசரோ. கிமு 63 நவம்பர், கட்டிலைன் ரோமையே கவுக்கச் சதி பண்ணிட்டு, எதுவும் நடக்காத மாதிரி செனட்ல வந்து உக்காந்திருக்கான். சிசரோ அவன் முகத்தைப் பாத்து, இனி நீ எங்க கூட இருக்க முடியாதுன்னுட்டு மூணு வினையை அடுக்குவாரு: நோன் ஃபெராம், நோன் பத்தியார், நோன் சினாம். பொறுக்கமாட்டேன், சகிக்கமாட்டேன், விடமாட்டேன். மூணும் தன்மை ஒருமை, மூணும் எதிர்காலமாவும் சப்ஜங்டிவாவும் எடுக்கலாம்ங்கிற வடிவம், ஆனா அந்த இடத்துல ஒரு நொடிகூட சந்தேகம் வராது. முதல் அடி ஃபெராம். சத்தமா வாசிச்சுப் பாருங்க தம்பி, வடிவம் தானா மண்டையில உக்காந்துக்கும். நான் இந்த வினையைக் கத்துக்கிட்டது அட்டவணையால இல்ல, இந்த மாதிரி வாக்கியங்களாலதான். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நல்ல வாக்கியம் வச்சிருக்கேன், ஒரு வடிவம் மறந்தா அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாப்பேன்.

5 ஜூன், இரவு 9.15

இப்ப பொறுத்துக்கிறதுக்கு வர்றேன். சுமக்கிறதும் சகிக்கிறதும் எப்படி ஒரே வினையாகும்னு நீங்க கேட்டிருந்தீங்க. தமிழ்ல நின்னுட்டு இந்தக் கேள்வியைக் கேக்கலாமா? பொறுன்னா பாரத்தைத் தாங்குறது, பொறுன்னா சகிச்சுக்கிறது. பொறைன்னா சுமை, பொறைன்னா பொறுமை. அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலன்னு வள்ளுவர் பொறையுடைமையை எங்க இருந்து ஆரம்பிக்கிறாரு? வெட்டுறவனையும் தூக்கி வச்சிருக்கிற மண்ணுல இருந்து. ஃபெரோவும் அதேதான். ஒரு பாரம் உன் மேல இருக்கு, நீ அதைக் கீழ போடல.

அதனாலதான் லத்தீன்ல ஒருத்தர் ஒரு விஷயத்தை எப்படி எடுத்துக்கிட்டாருன்னு சொல்லவும் இதையே போடுவாங்க. ஐக்ரே ஃபெர்ரேன்னா மனசு கஷ்டப்பட்டுச் சுமக்கிறது, வருத்தப்படுறது. ஃபகிலே ஃபெர்ரேன்னா லேசா எடுத்துக்கிறது. ரோமக் கவிஞன் கட்டல்லஸ் காதல்ல தோத்துட்டு தனக்குத்தானே சொல்லிக்குவான், பெர்ஃபெர், ஒப்தூரா. கடைசி வரைக்கும் தாங்கு, இறுகிக்கோ. அந்தப் பெர் முன்னொட்டு கடைசி வரைக்கும்ங்கிறதுக்காக. இன்னொரு கவிஞன் ஓவிட் அப்புறமா அதே ரெண்டு சொல்லையும் எடுத்து, இந்த வலி ஒருநாள் உனக்குப் பிரயோஜனப்படும்னு சேத்துக்குவான். எனக்கு கட்டல்லஸ்தான் பிடிக்கும். பிரயோஜனப்படும்னு அவன் வாக்குக் குடுக்கல, தாங்குன்னு மட்டும் சொல்றான்.

6 ஜூன், காலை 7.10

ஒரு சார் கீழ எழுதியிருக்காரு, ஆத்தைக் கடக்கிற ஃபெரி படகு, ஃபெர்ரும், ஃபெரோ மூணும் ஒரே வேர்தானேன்னு. சார், மூணும் வேற வேற. ஃபெரி படகு பழைய இங்கிலீஷ்ல போறது கொண்டுபோறதுங்கிற வேர்ல இருந்து வந்தது, லத்தீன்ல அதுக்கு உறவு போர்த்தோவும் துறைமுகத்தைச் சொல்ற போர்த்துஸும். இரும்பு தனி. ஆனா ஃபெர்டிலிட்டிங்கிறோமே, அது ஃபெரோ வீட்டுப் பிள்ளை, ஃபெர்த்திலிஸ், விளைச்சலைச் சுமக்கிற நிலம். ஃபோர்ஸ், ஃபோர்த்தூனாவும் இதே வேர்தான், காலம் நம்ம முன்னாடி கொண்டுவந்து போடுறது எதுவோ அது.

6 ஜூன், இரவு 10.40

இன்னிக்கு முன்னொட்டுகள். இதுல நேரம் செலவு பண்ணலாம், ஏன்னா ஃபெரோ தனியா வர்றதை விட ஜோடி சேந்து வர்றதுதான் ரசம்.

ஃபெரோவுக்குத் திசை கிடையாது. தமிழ்ல கொண்டு வான்னா இந்தப் பக்கம், கொண்டு போன்னா அந்தப் பக்கம், வா போ ரெண்டும் திசையைச் சொல்லிருது. லத்தீன்ல அந்த வேலையை முன்னொட்டு பாக்குது. அஃப்ஃபெரோன்னா இங்க கொண்டு வர்றது, அத்துலீ, அல்லாத்தும். ஔஃபெரோன்னா எடுத்துட்டுப் போறது, பறிச்சுட்டுப் போறதும்தான், அப்ஸ்துலீ, அப்லாத்தும். லத்தீன் இலக்கணத்தை இங்கிலீஷ்ல சொல்றப்ப அப்லேட்டிவ் கேஸ்னு சொல்றாங்களே, அந்தப் பேர் இந்த அப்லாத்தும்ல இருந்து வந்தது, விலக்கிக் கொண்டுபோறதுக்கான வேற்றுமை. நம்ம ஐந்தாம் வேற்றுமையோட நீங்கல் பொருள் ஞாபகம் வருதா? மலையின் வீழ் அருவி.

கோன்ஃபெரோன்னா ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேக்கிறது, சேத்து வச்சு ஒப்பிடுறது. திஃப்ஃபெரோன்னா ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோறது, அதனால வேறுபடுறது, தள்ளிப்போடுறதும். சீசரோட கால் (Gaul, இன்னிக்கு பிரான்ஸ் பக்கம்) நாட்டுப் போர்க் குறிப்பைத் திறந்தவுடனே, இவங்க எல்லாரும் மொழியிலயும் வழக்கத்துலயும் சட்டத்துலயும் ஒருத்தருக்கொருத்தர் திஃப்ஃபெருன்த்ம்பாரு. எக்ஸ் சேந்தா எஃப்ஃபெரோ, எக்ஸ்துலீ, ஏலாத்தும், வெளிய கொண்டுபோறது, பிணத்தை வெளிய எடுக்கிறதும் இதுதான். நாமளும் எடுக்கிறதுன்னுதானே சொல்றோம், சவம் எப்ப எடுக்கிறாங்கன்னு.

இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. ட்ரான்ஸ்ஃபரும் ட்ரான்ஸ்லேட்டும் ஒரே வினையோட ரெண்டு முகம். ரெஃபரும் ரிலேட்டும் அப்படி. கான்ஃபரும் கோலேட்டும் அப்படி. ஃபர்னு முடிஞ்சா ஃபெரோ, லேட்னு முடிஞ்சா லாத்தும் (எல்லா லேட்டும் இல்ல, ஐசோலேட்டை இங்க இழுக்காதீங்க). ரெஃபரண்டம்னா மக்கள்கிட்ட திரும்பக் கொண்டுபோக வேண்டியது, ரெஃபெரோவோட இன்னொரு வடிவம் அப்படியே நிக்குது.

7 ஜூன், மதியம் 3.00

ரெஃபெரோவோட இறந்தகாலம் ரெத்-துலீல எதுக்கு ரெண்டு த்னு தம்பி கேட்டது நல்ல கேள்வி. துலீ முன்னாடி தெ-துலீன்னு இருந்தது, முதல் எழுத்தை இரட்டிச்சு இறந்தகாலம் காட்டுற பழைய வழக்கம். ப்ளாட்டஸ், டெரன்ஸ் நாடகங்கள்ல இன்னும் அந்த வடிவம் வரும், கட்டல்லஸும் பழைய மணத்துக்காகப் போடுவான். மத்த இடத்துல தெ உதிர்ந்து போச்சு. ரெ கூட சேந்த இடத்துல மட்டும் உயிர் விழுந்து த் தங்கிருச்சு, ரெ-தெ-துலீ, ரெத்-துலீ. மூத்த வடிவம் ஒரு மூலைல பத்திரமா இருக்கு பாத்தீங்களா.

7 ஜூன், இரவு 11.30

தோல்லோ பத்தி எழுதாம இந்தப் பேச்சு முடியாது.

தோல்லோன்னா தூக்குறது, எடுத்துப் போடுறது, துலீயோட கூடப்பிறந்தது. ஆனா அதோட இறந்தகாலம் என்ன தெரியுமா? சுஸ்துலீ, சுப்லாத்தும். இது சுஃப்ஃபெரோவோட (சுப் முன்னொட்டு சேந்த ஃபெரோ) சொத்து. ஃபெரோ தோல்லோ வீட்டுல இருந்து துலீயை எடுத்துக்கிச்சு, தோல்லோ ஃபெரோ வீட்டுல இருந்து சுஸ்துலீயை எடுத்துக்கிச்சு. பெண் குடுத்து பெண் எடுத்த சம்பந்தம்.

எங்க தாத்தா கடற்கரை ஊர்ல உபதேசியார். பூசை தமிழுக்கு மாறுறதுக்கு முன்னாடி லத்தீன்ல இருந்த காலத்துல பதில் சொல்லிப் பாடினவர். எனக்கு விவரம் தெரிஞ்ச வயசுல தமிழ்ப் பூசைதான், ஆனா அவர் சாயங்காலம் திண்ணையில உக்காந்து ஆக்னுஸ் தேயி குவி தோல்லிஸ் பெக்காத்தா முந்தின்னு இழுத்துப் பாடுவார், மீசெரேரே நோபிஸ்ல குரல் இறங்கும். தாத்தாவுக்கு மொத்தமா அர்த்தம் தெரியும், உலகத்தின் பாவத்தைப் போக்குற செம்மறின்னு. தோல்லிஸ்ங்கிற ஒரு சொல்லுக்குள்ள என்ன இருக்குன்னு அவர் யோசிச்சிருக்க வாய்ப்பில்ல. நான் காலேஜ் முடிச்சு, வயசான ஒரு சாமியார்கிட்ட லத்தீன் கத்துக்கப் போனப்ப, அவர் தோல்லோவை எழுதிப்போட்டு தூக்குறது, சுமக்கிறது, அப்புறப்படுத்துறதுன்னு சொன்னாரு. எனக்கு அங்கேயே தாத்தா குரல் கேட்டுது. போக்கும்னு மட்டும் சொன்னா பாவம் எங்கயோ காணாமப் போன மாதிரி இருக்கு. தோல்லிஸ்ல அது முதல்ல ஒருத்தர் தோள்ல ஏறுது, அவர் தூக்கிட்டுப் போறாரு. தமிழ்ப் பூசை வரியை நான் குறை சொல்லல, போக்குறதும் அதுல உண்டுதான். தூக்குறதும் உண்டுன்னு தெரிஞ்சதுல இருந்து நான் அதை வேற மாதிரி சொல்றேன், அவ்வளவுதான்.

சுப்லாத்தும்முக்கு என்கிட்ட இருக்கிற வாக்கியம் ரோமக் கவிஞர் வெர்ஜிலோடது. ட்ராய் எரிஞ்சு முடிஞ்சுது, விடிவெள்ளி மலைமேல வருது, ட்ராய் வீரன் ஈனியாஸ் வயசான அப்பாவைத் தூக்கிக்கிட்டு மலைப்பக்கம் நடக்கிறான்: கெஸ்ஸி எத் சுப்லாத்தோ மோந்திஸ் கெனித்தோரே பெத்தீவி. அடிபணிஞ்சேன், அப்பாவைத் தூக்கிக்கிட்டு மலையைப் பாத்துப் போனேன். சுப்லாத்தோ கெனித்தோரே, ரெண்டே சொல்.

8 ஜூன், காலை 6.30

அந்த விடிவெள்ளியோட லத்தீன் பேரு லூகிஃபெர். ஆமா, லூசிஃபர்தான். லூக்ஸ் வெளிச்சம், ஃபெர் சுமக்கிறது, வெளிச்சம் கொண்டுவர்றவன். ஈஸ்டர் ராத்திரில லத்தீன்ல பாடுற பாஸ்கா புகழுரைல லூசிஃபர் பேரு வருது, சர்ச்சே சாத்தானைக் கூப்பிடுதுன்னு அப்பப்ப வாட்ஸப்ல ஒரு மெசேஜ் சுத்தும், எங்க வீட்டு க்ரூப்லயும் வந்தது. அங்க லூகிஃபெர்ங்கிறது காலைல உதிக்கிற வெள்ளி, இந்தத் திரியோட சுடர் அணையாம இருக்கிறதை விடிவெள்ளி வந்து பாக்கட்டும்னு பாட்டு போகுது, அப்புறம் மறையாத விடிவெள்ளின்னு கிறிஸ்துவையே சொல்லுது. லத்தீன் பைபிள்ல ஏசாயா 14ல விழுந்தவனுக்கும் லூகிஃபெர்தான், பேதுருவோட ரெண்டாம் கடிதத்துல உங்க இருதயத்துல உதிக்கிறதுக்கும் லூகிஃபெர்தான். நம்ம பழைய தமிழ் பைபிள்ல ரெண்டு இடத்துலயும் விடிவெள்ளின்னே இருக்கு, எடுத்துப் பாருங்க. பயப்பட ஒண்ணுமில்ல.

இதே ஃபெர் வாலோட இன்னொரு ஆள் அக்விலிஃபெர், படைப்பிரிவோட கழுகுக்கொடியைத் தூக்கிட்டுப் போறவன். கிமு 55ல சீசர் பிரிட்டன் கரைக்குப் போனப்ப தண்ணி ஆழம்னு வீரங்க கப்பல்லயே தயங்கி நிக்கிறாங்க. பத்தாம் லீஜியனோட கொடிக்காரன், குதிங்கடா, கழுகை எதிரிக்கு விட்டுக்குடுக்கணும்னா நில்லுங்கன்னு கத்திட்டு தண்ணில குதிச்சு, எதிரியைப் பாத்து அக்விலாம் ஃபெர்ரே கோயெபித், கழுகைச் சுமந்துட்டுப் போக ஆரம்பிச்சான். மத்தவங்க வெக்கப்பட்டு பின்னாடியே குதிச்சாங்க. ஃபெர்ரேக்கு என் வாக்கியம் அது.

8 ஜூன், இரவு 9.50

ஓட்டுக்கும் சட்டத்துக்கும் வர்றேன். ரோமில ஓட்டுப் போடுறதுன்னா ஒவ்வொருத்தரும் தன் முடிவைக் கொண்டுபோய்க் குடுக்கிறது, சுஃப்ராகியும் ஃபெர்ரே. நீதிபதிங்க தீர்ப்பு ஓட்டு போடுறது செந்தென்த்தியாம் ஃபெர்ரே. சட்டத்தை மக்கள் முன்னாடி கொண்டுவர்றது லேகெம் ஃபெர்ரே, கொண்டுவந்தவன் லாத்தோர், அவன்தான் இங்கிலீஷ்ல லெஜிஸ்லேட்டரா உக்காந்திருக்கான். நாமளும் சட்டம் கொண்டுவந்தாங்கன்னுதான் சொல்றோம், எழுதினாங்கன்னு சொல்றதில்ல.

கணக்குப் புத்தகத்துலயும் உண்டு. ஒருத்தர் பேர்ல பற்று எழுதுறது எக்ஸ்பென்சும் ஃபெர்ரே, வரவு வைக்கிறது அக்கெப்தும் ரெஃபெர்ரே. சிசரோ ரோஸ்கியுஸ்னு ஒரு நடிகருக்காக வாதாடின பணத் தகராறு வழக்குல, பேரேட்டுல ஏத்தாத தொகைக்கு என்ன மதிப்புன்னு இந்தச் சொல்லை வச்சே அடிச்சுப் பேசுவாரு. நான் கணக்கு வேலை பாக்குறவங்கிறதால அந்தப் பேச்சு எனக்குத் தனிச் சந்தோஷம். இதுல இருந்தே, என் நல்லதெல்லாம் உங்களாலதான்னு நன்றி சொல்றதுக்கும் அக்கெப்தும் ரெஃபெரோன்னு சொல்வாங்க, உங்க பேர்ல வரவு வைக்கிறேன்னு.

அப்புறம் ஃபெருன்த், வெறுமனே அப்படின்னு சொல்றாங்கங்கிறதுக்கு. யாரு சொல்றாங்கன்னு கேக்கக்கூடாது, செய்தியை ஊர் சுமந்துட்டுத் திரியுது. பழந்தமிழ்ல என்பன்னு ஒரு சொல்லு பாட்டு முடிவுல வந்து நிக்குமே, அதே வேலை. ஃபெர்த்துர்னா சொல்லப்படுது. தம்பி ஆரம்பத்துல சொன்ன பட்டியல்ல சொல்லு, ஓட்டு, சட்டம் மூணும் இப்ப வீடு வந்து சேந்தாச்சு. வழி அங்க போகுதுங்கிறது மிச்சம். வியா ஃபெர்த், பாதை உன்னைச் சுமந்து கொண்டுபோய் விடுது. ஓவிட் தன்னோட பெரிய காவியத்தைத் தொடங்குறப்ப இன் நோவா ஃபெர்த் அனிமுஸ்னு தொடங்குவான், மனசு என்னைப் புதுசை நோக்கிக் கொண்டுபோகுது.

9 ஜூன், இரவு 11.00

எல்லாத்தையும் கொண்டு வர்றதுன்னே எழுதிட்டு இருக்கேன், இன்னொரு பக்கமும் இருக்கு. முன்னொட்டு இல்லாமலே ஃபெர்த் எடுத்துட்டுப் போகும்.

வெர்ஜிலோட ஒன்பதாவது இடையர் பாட்டு. ரோமைப் பிடிச்சவங்க போர் முடிஞ்ச வீரங்களுக்குக் குடுக்கிறதுக்காக ஊர் நிலத்தைப் பிடுங்கின காலம். மொய்ரிஸ்னு ஒரு வயசான ஆளு, தான் உழுத நிலத்துக்கு வேற ஒருத்தன் சொந்தக்காரன் ஆகிட்டான், அவனுக்குக் குட்டியாட்டைக் கொண்டுபோயிட்டு இருக்கான். கூட வர்ற பையன் பாடுங்க பாடுங்கங்கிறான். அவர் சொல்றாரு: ஓம்னியா ஃபெர்த் ஐத்தாஸ், அனிமும் குவோக்குவே. வயசு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருது, மனசையும் கூட. சின்ன வயசுல பொழுது சாயுற வரைக்கும் பாடிட்டே இருப்பேன், இப்ப அத்தனை பாட்டும் மறந்துபோச்சு, குரலும் விட்டுப் போகுதுங்கிறாரு.

தாத்தாவுக்குக் கடைசி வருஷம் ஞாபகம் ரொம்ப மோசம். எங்க பேரெல்லாம் மாத்தி மாத்திச் சொல்வார், ஜெபமாலை பாதில நிக்கும். ஆக்னுஸ் தேயி மட்டும் கேட்டா வரும், ஆனா மூணாவது தடவை தோனா நோபிஸ் பாச்செம்னு மாறணும், அங்க மாறாம மீசெரேரேக்கே திரும்பிருவார். அனிமும் குவோக்குவே. லத்தீன்ல இதைவிடச் சின்னதா இதைவிட உண்மையா ஒரு வரி எனக்குத் தெரியாது.

10 ஜூன், காலை 7.20

இவ்வளவு பெரிய வினை அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தர் கேட்டாரு. செத்துப்போச்சு. லத்தீன்ல இருந்து பிறந்த மொழிகள்ல தனியா ஃபெரோ இல்ல. பிரெஞ்சு போர்த்தே, இத்தாலிய போர்த்தாரே எடுத்துக்கிச்சு, ஸ்பானிஷ்ல யேவார், அது லெவாரேல இருந்து. போர்த்தோ போர்த்தாரே போர்த்தாவீ போர்த்தாத்தும்னு சின்னப்பிள்ளைகூடச் சொல்லிரும், சந்தைல பேசுற ஜனங்களுக்கு எது வசதி? ஆனா ஜோடி சேந்தது தப்பிச்சுக்கிச்சு. ஒஃப்ஃபெர்ரே பிரெஞ்சுல ஒஃப்ரீர், சுஃப்ஃபெர்ரே சுஃப்ரீர். ரெண்டும் விகுதியை மட்டும் மாத்திக்கிட்டு வாழுது. மிஞ்சினது காணிக்கையும் கஷ்டமும்.

ஃபெரோவும் போர்த்தோவும் ஒண்ணேதானான்னா, இல்ல. போர்த்தோ சாமானைச் சுமக்கிறது. வேஹோ வண்டிலயோ கப்பல்லயோ ஏத்திக் கொண்டுபோறது. கேரோ மேல போட்டுக்கிறது, நடத்துறது, பெல்லும் கேரேரேன்னா போர் நடத்துறது. பெல்லும் இன்ஃபெர்ரேன்னா போரை அடுத்தவன் வாசல்ல கொண்டுபோய் இறக்குறது. எழுதும்போது மாத்திப் போட்டா அர்த்தம் மாறும்.

10 ஜூன், இரவு 10.15

பாஸிவுக்கு (செயப்பாட்டு வினைக்கு) ஒரு வாக்கியம் குடுங்க அக்கான்னு தம்பி கேட்டிருக்காப்ல. என்கிட்ட இருக்கிறதுலயே உசத்தி இதுதான், புனித அகுஸ்தினாரோட வாக்குமூலம்ங்கிற நூல்ல 13ஆம் புத்தகத்துல வருது: போந்துஸ் மேயும் ஆமோர் மேயுஸ், ஏயோ ஃபெரோர் குவோகும்குவே ஃபெரோர். என் எடை என் அன்பு, நான் எங்க கொண்டுபோகப்பட்டாலும் அதுதான் என்னைக் கொண்டுபோகுது.

அதுக்கு முன்னாடி அவர் விளக்குவாரு, கல்லு கீழ போகும், நெருப்பு மேல போகும், எடைன்னா கீழ இழுக்கிறது மட்டும் இல்ல, ஒவ்வொண்ணையும் அது இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோறது. எண்ணெயைத் தண்ணிக்கு அடில ஊத்தினாலும் மேல வந்துரும். இத்தனை நாள் நான் பாரத்தைச் சுமக்கிறேன், பாரத்தைச் சுமக்கிறேன்னு ஃபெரோவையே சொல்லிட்டு இருந்தோமா, ஃபெரோர்ல ஒரே ஒரு ர் சேருது, பாரம் என்னைச் சுமந்துட்டுப் போகுது. அவர் ஆப்பிரிக்காக்காரர், பேச்சுக்கலை சொல்லிக்குடுத்துப் பிழைச்சவர், எந்த எழுத்தை எங்க வைக்கணும்னு கைவந்தவர்.

ஃபெரோர், ஃபெர்ரிஸ், ஃபெர்த்துர், ஃபெரிமுர், ஃபெரிமினீ, ஃபெருன்த்துர். இதை இனி அட்டவணையா எழுதிவைக்க வேண்டாம், அந்த வரியை மட்டும் எழுதிவைங்க.

11 ஜூன், இரவு 8.45

தம்பி அனுப்பின வாக்கியம் பாத்தேன், மாத்தெர் மிஹி அக்வாம் துலித். அம்மா எனக்குத் தண்ணி கொண்டு வந்தாங்க. சரியா இருக்கு, இலக்கணம் ஒரு குத்தமும் இல்ல. இங்க என்கிட்டன்னு அழுத்தம் வேணும்னா அத்துலித் போடுங்க, இன்னும் இயல்பா இருக்கும். தங்கச்சி அதைப் பிடுங்கிட்டுப் போனாள்னு அடுத்த வாக்கியம் எழுதுங்க, அங்க அப்ஸ்துலித் வரணும், யார்கிட்ட இருந்து பிடுங்கினாளோ அவருக்கு நாலாம் வேற்றுமை, மிஹி அப்படியே இருக்கும். நாலாம் வேற்றுமைல வச்சுப் பிடுங்குறது நமக்குப் புதுசா இருக்கும், ரெண்டு மூணு எழுதிப் பாத்தா பழகிரும். எழுதி இங்கயே போடுங்க, நாளைக்கு ராத்திரி பாக்குறேன். அதுக்கப்புறம் தோல்லோ, அது முடிஞ்சா எயோ, ஈரே (போறது).